பாப்பரசரின் முடிவு சரியில்லை என்று சொன்ன நான் நற்கருணை வாங்கலாமா?

வாசகியின் கடிதம்:

ஐயா, நான் முகத்துவாரத்தில் வசிக்கிறேன். 12 வருடங்களாக எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். தன்பாலின இணையருக்கும் ஆசீர் வழங்கலாம் என்று பாப்பரசர் பிரான்சிஸின் ஒப்புதலோடு 2023 டிசெம்பரில் வெளிவந்த அறிக்கை அப்போதே என்னைக் குழப்பியது. அண்மையில் எங்கள் அன்பியத்தின், அதாவது பங்கின் அயல் குடும்பங்கள் சேர்ந்த சிறு சமூகத்தின், வட்ஸ்அப் குழுவில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தபோது, அது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை, பாப்பரசர் லியோ அதை மீளாய்வு செய்ய வேண்டும் என்று எழுதினேன். உடனே அன்பியப் பொறுப்பாளரான அண்ணர், பாப்பரசரை விமர்சிப்பவர் கத்தோலிக்கரே அல்லர் என்றும், பாவசங்கீர்த்தனம் செய்யும்வரை நான் நற்கருணை வாங்கவோ பிள்ளைகளுக்குக் கற்பிக்கவோ கூடாது என்றும் எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு திருப்பலிக்குப் போயும் நற்கருணை வாங்காமல் வாங்கிலேயே இருந்துவிட்டேன். நான் செய்தது பாவமா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? நான் எழுதியவற்றின் ஸ்கிரீன்ஷொட்டை இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு, அந்த இரண்டு ஞாயிறுகளைப் பற்றிப் பேச வேண்டும். பாப்பரசரின் ஒரு முடிவு சரியென்று தோன்றவில்லை எனச் சொன்னதற்காக ஒருவர் நற்கருணை வாங்காமல் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை. சட்டம் தடை செய்யாத எந்தத் திருமுழுக்குப் பெற்றவரையும் நற்கருணைக்கு அனுமதிக்கலாம், அனுமதிக்கவே வேண்டும் என்பதே 912ஆவது சட்டம். உங்களைத் தடுத்தது சட்டமும் அன்று, ஆயரும் அல்லர், பங்குத்தந்தையும் அல்லர். அன்பியப் பொறுப்பாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே வருகிற ஞாயிறு எழுந்து சென்று வாங்குங்கள். நான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்காடும் சட்டத்தரணி. திருச்சபைச் சட்டமும் கற்று, பல வருடங்களாகத் திருமண வழக்குகளில் மக்களுக்கு உதவி வருகிறேன். சட்டம் தடுக்காத ஒருவர் பயத்தினால் தாமாகவே பந்தியை விட்டு விலகி நிற்பதைக் காணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், கிறிஸ்தவ விசுவாசிகள் எல்லாருக்கும் பொதுவான கடமைகளையும் உரிமைகளையும் சொல்லும் பகுதியில் 212ஆவது சட்டம் இருக்கிறது. அதன் முதற்பிரிவு, கிறிஸ்துவின் இடத்தில் நின்று போதிக்கும், வழிநடத்தும் மேய்ப்பர்களுக்குக் கிறிஸ்தவக் கீழ்ப்படிதலைக் கோருகிறது. அண்ணர் மனதில் வைத்திருப்பது இந்தப் பிரிவு என்றே நினைக்கிறேன். அதைப் பற்றிக்கொண்டிருப்பதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவு, விசுவாசிகள் தங்களுக்குள்ள அறிவு, தகைமை, மதிப்பு ஆகியவற்றுக்கு ஏற்பத் திருச்சபையின் நன்மையைத் தொடும் விடயங்களில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க உரிமை உடையவர்கள் என்றும், சில வேளைகளில் அது அவர்களுடைய கடமையே என்றும் கூறுகிறது. அந்தக் கருத்தை மற்ற விசுவாசிகளுக்கும் அறியத் தரலாம் என்று அதே வாக்கியம் தொடர்கிறது. காதோடு காதாகச் சொல்ல மட்டுமே அனுமதி உண்டு என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. இது ஒரு சட்ட வல்லுநர் குழு புதிதாகக் கண்டுபிடித்த சலுகையும் அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 37ஆவது எண்ணிலிருந்து வந்தது.

உரிமை என்று எழுதிய அதே மூச்சில் சட்டம் சில கட்டுகளையும் போடுகிறது. விசுவாசமும் ஒழுக்கப் போதனையும் சிதையாதிருக்க வேண்டும். மேய்ப்பர்கள்மேல் மரியாதை இருக்க வேண்டும். பொது நன்மையும் மனிதர்களின் மாண்பும் கருத்தில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டை இந்தக் கட்டுகளோடு பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தேன்.

அதில் உங்கள் பெயரில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. முதலாவது, அந்த முடிவு சரியென்று தோன்றவில்லை, புதிய பாப்பரசர் அதை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது, மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் உங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள், உங்களுக்கே தெளிவில்லாததால் பதில் சொல்ல முடியவில்லை, பங்குத்தந்தை ஒரு நாள் இதைப் பற்றிப் பேசினால் நல்லது என்பது. இந்த இரண்டையும் எந்தத் திருச்சபை நீதிமன்றத்தின் முன்னும் தயங்காமல் வைப்பேன். 12 வருடம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பித்த ஒருவருக்கு இந்த விடயத்தில் பேசத் தகைமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதிலும் இரண்டாவது பதிவு, பொது நன்மை என்று சட்டம் சொல்வதன் நேரடியான உதாரணம்.

மூன்றாவது பதிவு நீங்கள் எழுதியதன்று. யாரோ அனுப்பியதை அப்படியே மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பாப்பரசர் பிரான்சிஸின் படத்தின் மேல் சிவப்புக் கோடு, கீழே ‘சபையை விற்ற துரோகி’ என்ற எழுத்து, அதற்கும் கீழே தன்பாலின ஈர்ப்புடையவர்களைப் பற்றி நான் இங்கே திருப்பி எழுத விரும்பாத ஒரு சொல். சகோதரி, இது வேறு. ஒரு முடிவு தவறு என்பதும், அந்த முடிவை எடுத்தவர் துரோகி என்பதும் ஒன்றல்ல. ஒருவருக்கு உரிய நற்பெயரைச் சட்டவிரோதமாகக் கெடுக்க எவருக்கும் அனுமதி இல்லை என்று 220ஆவது சட்டம் சொல்கிறது. பாப்பரசருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அந்தக் கடைசிச் சொல்லோ எனக்கு இன்னும் அதிகக் கவலை தருகிறது. ஒரு அன்பியத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன! எந்த வீட்டில் எந்தத் தாய் தன் மகனை நினைத்து இரவில் தூங்காமல் செபமாலை சொல்கிறாள் என்று நமக்குத் தெரியாது. அந்தச் சொல்லை அவள் தன் அன்பியத்தின் குழுவில், தன் மகனின் மறைக்கல்வி ஆசிரியையின் பெயரில் வாசித்திருக்கக் கூடும். மனிதர்களின் மாண்பு என்று சட்டம் எழுதியது இப்படிப்பட்டவர்களுக்காகவும்தான்.

அந்தப் படத்தை இப்போது எல்லாருக்கும் அழிக்க முடியாதபடி நேரம் கடந்திருக்கலாம். அப்படியானால், நான் யோசிக்காமல் பகிர்ந்த படத்துக்காக வருந்துகிறேன், அதில் உள்ளது என் கருத்தன்று என்று அதே குழுவில் ஒரு வரி எழுதுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால் அது இதுவாக இருக்கலாம். அதைக் குருவானவரோடு பேசி முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு பதிவுகளுக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். எதற்காக வருந்த வேண்டும், எதற்காக வருந்த வேண்டியதில்லை என்பதைக் கலந்துவிட்டால், அடுத்த தடவை நியாயமான கேள்வியைக் கேட்கவும் துணிவு வராது.

பாப்பரசர் சொல்வதெல்லாம் வழுவா வரத்தோடு வருகிறது என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக இருக்கிறது. 1870 ஜூலை 18இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது அதுவன்று. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டியதாக, பேதுருவின் வழித்தோன்றல் என்ற தமது முழு அதிகாரத்தோடு அவர் வரையறுக்கும்போது மட்டுமே அந்த வரம் செயற்படுகிறது. அன்னை மரியா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 12ஆம் பத்திநாதர் 1950 நவம்பர் 1இல் அறிவித்தது அத்தகையது. அதற்குப் பின் அப்படி ஒரு வரையறை வரவில்லை. அந்த நிலைக்கு எட்டாத வழக்கமான போதனைக்கும் அறிவினதும் மனத்தினதும் பணிவை 752ஆவது சட்டம் கேட்கிறது. பிடிக்கவில்லை என்று தள்ளிவிட அங்கே இடமில்லை. ஒரு ஆயரின் நியமனம், ஒரு அரசோடு செய்யும் உடன்படிக்கை, நிதி நிர்வாகம், ஒரு மேய்ப்புப்பணி ஒழுங்கு ஆகியவை வேறு வகை. அவை தகவல்களின் மேலும் சூழ்நிலைக் கணிப்பின் மேலும் நிற்கும் முடிவுகள். இத்தகைய விவேகம் சார்ந்த தலையீடுகளில் சில வேளைகளில் குறைபாடுகள் இருந்திருக்கலாம் என்பதை, இறையியலாளரின் பணி பற்றி 1990இல் வந்த உரோமையின் அறிவுறுத்தலே ஒப்புக்கொள்கிறது.

உங்களைக் குழப்பிய 2023 டிசெம்பர் 18ஆம் திகதி அறிக்கையில் இந்த இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற போதனை மாறவில்லை என்று அது உறுதியாகச் சொல்கிறது. அதை நீங்களும் ஏற்கிறீர்கள், அண்ணரும் ஏற்கிறார். வழிபாட்டு முறையாக அல்லாமல், திருமண ஆசீர் போலத் தோன்றாமல், கேட்டு வருபவர்களுக்கு ஒரு குரு எளிய ஆசீர் வழங்கலாம் என்பது அதில் புதிதாக வந்த மேய்ப்புப்பணி முடிவு. உங்கள் தயக்கம் அந்த முடிவைப் பற்றியது. அந்த முடிவு சரியா பிழையா என்று நான் இங்கே தீர்ப்பளிக்கப் போவதில்லை. ஆனால் தயங்கியவர் நீங்கள் மட்டுமல்லர். உலகின் பல பக்கங்களிலிருந்தும் ஆயர்கள் கேள்வி எழுப்பியதால், 2024 ஜனவரி 4இல், அறிக்கை வெளியாகி மூன்று கிழமைகூட ஆகாத நிலையில், வத்திக்கான் ஒரு நீண்ட விளக்கம் வெளியிட்டது. அடுத்த கிழமையே ஆபிரிக்க ஆயர் பேரவைகளின் சார்பில் கின்சாசாவின் கர்தினால் அம்போங்கோ, தங்கள் நாடுகளில் அத்தகைய ஆசீர் பொருத்தமாக இராது என்று எல்லாரும் அறிய எழுதினார். அந்தக் கடிதத்திலேயே பேதுருவின் வழித்தோன்றலோடு தங்களுக்குள்ள அசையாத பிணைப்பையும் அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். கடிதம் பாப்பரசரின் இசைவோடு வெளிவந்தது. ஒரு கண்டத்தின் ஆயர்கள் வெளிப்படையாகச் சொன்னதை முகத்துவாரத்தில் ஒரு மறைக்கல்வி ஆசிரியை சொன்னால் அவர் கத்தோலிக்கர் அல்லாமல் போய்விடுவாரா?

அண்ணர் மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தைக் காட்டி, முதலில் தனியே போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். அது உன் சகோதரன் பாவம் செய்தால் என்று தொடங்கும் பகுதி. முழு உலகுக்கும் அறிவிக்கப்பட்ட ஒரு முடிவைப் பற்றியதன்று. இங்கே பொருந்துவது கலாத்தியர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம். அந்தியோக்கியாவில் பிற இனத்தவரோடு உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பின்வாங்கியபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் எதிர்த்தார். அதே அதிகாரத்தில் சற்று முன்னால், பேதுருவும் யாக்கோபும் யோவானும் நட்புறவின் அடையாளமாகத் தமக்கு வலக்கை கொடுத்ததையும் பவுல் எழுதுகிறார். அந்தக் கையைப் பற்றியிருந்தவர்தான் எதிர்த்தும் பேசினார். விசுவாசத்துக்கு ஆபத்து வரும்போது தம் தலைவர்களைக் கீழுள்ளோர் பகிரங்கமாகவும் திருத்தலாம் என்பதற்குப் புனித தோமா அக்குவினாஸ் காட்டும் ஆதாரமும் இந்தச் சம்பவம்தான். பணிவோடு திருத்தத்தை ஏற்ற பேதுருவும் அங்கே மேலுள்ளோர்க்கு ஒரு முன்மாதிரி.

தொலைவில் நடந்த பழைய கதை என்று தோன்றினால், நம் காலத்தில் சிலி நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், ஹுவான் பாரோஸ் என்பவரைத் தென் சிலியின் ஒசோர்னோ மறைமாவட்டத்துக்கு ஆயராக நியமித்தார். சிறுவர்களைப் பாலியல் துன்பத்துக்கு உள்ளாக்கியவர் என்று 2011இல் வத்திக்கான் தீர்ப்பளித்த ஒரு குருவின் செயல்களை அறிந்தும் பாரோஸ் மௌனமாக இருந்தார் என்று பாதிக்கப்பட்டவர்கள் குற்றம் சாட்டினார்கள், அவர் மறுத்தார். 2015 மார்ச் மாதம் பாரோஸ் பொறுப்பேற்ற திருப்பலியில், பேராலயத்துக்குள்ளேயே கறுப்பு உடையணிந்த பொதுநிலையினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் திருச்சபையை விட்டு வெளியேறவில்லை. கோயிலுக்கு வந்துகொண்டே, இந்த நியமனம் தவறு என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மக்கள் அறிவில்லாமல் வதந்திக்கு எடுபட்டுவிட்டார்கள் என்ற பொருளில் பாப்பரசரே ஒரு தடவை பேசியது காணொளியாக வெளிவந்தது. 2018 ஜனவரியில் சிலிக்குச் சென்றபோதும், ஆதாரம் கொண்டு வாருங்கள், அப்போது பேசுகிறேன், இவை அவதூறு என்றார். உடனே பொஸ்டன் பேராயரும் சிறுவர் பாதுகாப்புக்கான பாப்பரசரின் ஆணைக்குழுத் தலைவருமான கர்தினால் ஓமாலி, அந்த வார்த்தைகள் பாதிக்கப்பட்டோருக்குப் பெரும் வேதனை தந்திருக்கின்றன என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். பாப்பரசரால் நியமிக்கப்பட்ட ஒரு கர்தினால், பாப்பரசர் இன்னும் பயணத்தில் இருக்கும்போதே இப்படிச் சொன்னார்.

பாப்பரசர் என்ன செய்தார்? திரும்பும் விமானத்திலேயே ஆதாரம் என்று தாம் பயன்படுத்திய சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு பேராயர் சிக்லூனாவை விசாரிக்க அனுப்பினார். ஏப்ரல் 8ஆம் திகதி சிலி ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், உண்மையான, சமநிலையான தகவல் இல்லாமையால் நிலைமையைக் கணிப்பதில் தாம் பாரதூரமான பிழைகள் விட்டதாக ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்ட மூவரை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். ஜூன் மாதம் பாரோஸின் பதவி விலகலை ஏற்றார். சில நாட்களில் பேராயர் சிக்லூனா ஒசோர்னோ பேராலயத்தில் முழந்தாளிட்டு, பாப்பரசரின் பெயரால் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்று வருடங்களுக்கு முன் கறுப்பு உடையோடு மக்கள் நின்ற அதே பேராலயம். அன்று யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்து, நீங்கள் கத்தோலிக்கரே அல்லர், வாயை மூடுங்கள் என்று சொல்லி, அவர்களும் மூடியிருந்தால், பாப்பரசர் அறிய வேண்டிய உண்மை அவருக்கு எட்டியிருக்காது. எனக்கு இது திருச்சபையின் பலவீனத்தைக் காட்டும் கதையாகத் தெரியவில்லை. மந்தையின் குரலைக் கேட்டுத் திரும்பி வந்த ஒரு மேய்ப்பரின் கதையாகவே தெரிகிறது.

பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பரும் இதற்கு விலக்கல்லர். 2009 ஜனவரியில் அவர் நான்கு ஆயர்களின் சபைவிலக்கை நீக்கியபோது, அவர்களில் ஒருவர் யூத இனப்படுகொலையை மறுத்துப் பேசியவர் என்பது தெரியவந்து உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. இணையத்தில் கிடைத்த தகவலைப் பார்த்திருந்தால் பிரச்சினையை முன்பே அறிந்திருக்கலாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாக, மார்ச் 10ஆம் திகதி உலகின் ஆயர்கள் எல்லாருக்கும் கடிதம் எழுதி ஏற்றுக்கொண்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் உங்களுக்கு நான் பாதி உண்மையைத்தான் தருகிறேன். அந்த எல்லையைப் பார்க்க உரோமைக்குப் போக வேண்டியதில்லை. நான் நாளாந்தம் வழக்குக் கோப்புகளோடு நடக்கும் புதுக்கடையிலேயே அது இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் விரட்டப்பட்டபோது இலங்கையில் விசுவாசத்தைக் காத்தவர்கள் புனித யோசப் வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் இந்தியாவின் கோவாவிலிருந்து வந்த கோவைக் குருக்களும் என்பது நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வரலாறு. 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோ, நம் பாட்டிமார் சிங்கராயர் என்று சொன்ன அவர், போர்த்துக்கலோடு செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து இங்கே போர்த்துக்கேய ஆதரவு ஆட்சியின் கீழ் இருந்த ஆலயங்களை உரோமையின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட ஆயர்களிடம் ஒப்படைக்கும் நிலை வந்தது. தங்கள் கோவைக் குருக்களை இழக்க விரும்பாத மக்கள் மனம் நொந்தார்கள். அந்த நோவில் நியாயம் இருந்தது. முறையிட அவர்களுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் ஒரு பகுதியினர் முறையீட்டோடு நிற்கவில்லை. உரோமையோடு உறவை முறித்தார்கள். அல்வாரெஸ் என்ற கோவைக் குரு 1889இல் கேரளத்தின் சிரிய மரபுத் திருச்சபையிடம் ஆயர்நிலை பெற்று அவர்களுக்குத் தலைவரானார். புதுக்கடையின் நல்மரண மாதா ஆலயம் அந்தத் தனிச் சபையின் மையமாயிற்று. காலப்போக்கில் அந்தச் சபை சுருங்கி மறைந்தது. ஒசோர்னோ மக்களின் மனவேதனையும் இவர்களின் மனவேதனையும் அளவில் பெரிதாக வேறுபட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள் நின்று கத்தினார்கள். இவர்கள் வாசலைப் பூட்டிக்கொண்டு வேறு வீடு கட்டினார்கள்.

சட்டமும் எல்லைக்கோட்டை அங்கேதான் கீறுகிறது. பாப்பரசருக்குப் பணிய மறுப்பதும் அவரோடு ஒன்றித்திருப்போருடன் உறவை மறுப்பதும் பிரிவினை என்று 751ஆவது சட்டம் வரையறுக்கிறது. திருப்பீடத்தின் ஒரு செயலைக் காரணம் காட்டி அதன்மேல் பகிரங்கமாக வெறுப்பைத் தூண்டுவதும், கீழ்ப்படியாமைக்கு மக்களைத் தூண்டுவதும் 1373ஆவது சட்டப்படி தண்டனைக்குரியவை. பேராயர் விகானோ 2018இல் பாப்பரசர் பதவி விலக வேண்டும் என்றே பகிரங்கக் கடிதம் எழுதினார். 2024 ஜூலையில் அவருக்குச் சபைவிலக்கு அறிவிக்கப்பட்டது, பிரான்சிஸைப் பாப்பரசராகவே ஏற்க மறுத்ததற்காக. மாறாக, சீனாவோடு 2018இல் செய்யப்பட்ட உடன்படிக்கையைக் கடுமையான சொற்களால் எதிர்த்து வந்த ஹொங்கொங்கின் கர்தினால் சென் இன்றும் கர்தினாலாகவே இருக்கிறார். முடிவை எதிர்த்துப் பேசுவதற்கும் பாப்பரசரை மறுதலிப்பதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான். அந்த தூரத்துக்குள்ளே நீங்கள் வெகு பாதுகாப்பாக நிற்கிறீர்கள், அந்த மூன்றாவது பதிவைத் தவிர.

அண்ணரின் பயம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். அவர் என் வயதுக்காரர் என்றால், 1997 ஜனவரியை மறந்திருக்க மாட்டார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை திஸ்ஸ பாலசூரியவுக்குச் சபைவிலக்கு என்ற செய்தி வந்தபோது நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்பா பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, இனிமேல் இந்த வீட்டில் பாப்பரசரைப் பற்றி ஒருவரும் எதுவும் பேசக் கூடாது என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமன்று, பயம். ஆனால் அந்த விடயம் ஒரு நிர்வாக முடிவை விமர்சித்ததைப் பற்றியதன்று. பிறப்புநிலைப் பாவம், அன்னை மரியா முதலிய போதனைகள் பற்றி அவர் எழுதிய நூலைப் பற்றியது. அது கையாளப்பட்ட விதம் சரிதானா என்று கேட்டவர்கள் கொழும்பிலேயே பலர் இருந்தார்கள். அப்படிக் கேட்டதற்காக அவர்கள் எவரும் சபையிலிருந்து விலக்கப்படவில்லை. ஒரு வருடத்தின் பின் 1998 ஜனவரியில் அந்த விலக்கும் நீக்கப்பட்டது. அவர் 2013இல் திருச்சபையின் குருவாகவே மறைந்தார். அண்ணரோடு பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். ஒரு மாலைப் பொழுதில் அவர் வீட்டுக்குப் போய், அண்ணை, நான் பாப்பரசருக்காகத் தினமும் செபிக்கிறவள், அவருடைய ஒரு முடிவில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது என்று சொல்லுங்கள். படத்தைப் பகிர்ந்தது பிழை என்பதை நீங்களே முதலில் சொன்னால் அவர் மனமும் இளகும்.

வகுப்பறைக்கு மட்டும் ஒரு தனி ஒழுங்கு உண்டு. அங்கே நீங்கள் பேசுவது உங்கள் பெயரில் அன்று, திருச்சபையின் பெயரில். பிள்ளைகளுக்கு உங்கள் விமர்சனத்தைக் கற்பிக்காதீர்கள்; அது அன்பியத்தில் உங்களுக்குள்ள உரிமை, மறைக்கல்வி ஆசிரியைக்கு உள்ள உரிமையன்று. ஒரு பிள்ளை கேட்டால், திருமணத்தைப் பற்றித் திருச்சபை கற்பிப்பது மாறவில்லை, எந்த மனிதரும் கடவுளின் உதவியைக் கேட்டு வரலாம், அதை எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். மேல் வகுப்புப் பிள்ளை ஒன்று, பாப்பரசர் பிழை விடுவாரா என்று நேரடியாகக் கேட்டால் மழுப்ப வேண்டாம். பேதுரு அந்தியோக்கியாவில் செய்ததை வாசித்துக் காட்டி, அதற்குப் பின்னும் அவர் பேதுருவாகவே இருந்தார் என்பதையும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்கும் முறையாகத் தெரிவிக்க விரும்பினால் பங்குத்தந்தைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். விரும்பினால் பேராயருக்குப் பிரதி அனுப்புங்கள். நீங்கள் அறிக்கையில் எந்தப் பகுதியை ஏற்கிறீர்கள், எந்தப் பகுதியில் தயங்குகிறீர்கள், பெற்றோர் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும். ‘துரோகி’ என்ற படத்தை விட அந்த ஒரு பக்கத்துக்குக் கனம் அதிகம்.

கற்பிக்கக் கூடாது என்ற பேச்சைப் பொறுத்தவரை, பங்கில் மறைக்கல்விக்குப் பொறுப்பானவர் பங்குத்தந்தை. அவர் ஒன்றும் சொல்லாதவரை உங்கள் வகுப்பு உங்களுடையதே. வழக்கம் போலப் போங்கள். அவரே உங்களை விலக்க நினைத்தால், மரியாதையோடு, காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அப்படி எழுத்தில் ஒரு கட்டளை வந்தால், அதை எதிர்த்து நேரடியாகப் பேராயரிடம் முறையிட 1737ஆவது சட்டம் 15 நாள் தருகிறது. கடிதம் உங்கள் கைக்கு வந்த திகதியை அதன் மூலையிலேயே குறித்து வைத்து, ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள்.